ஒரு சொடுக்கில் கிளம்பும் விமானம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று சங்கத்தில் சொன்னார்கள். பெரிய தலைப்புகளை எனக்கு முன்னால் பேசியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள், கூடவே ஓட வேண்டிய துணை புரோகிராம்களை எப்படித் தானாகக் கிளப்புகிறார்கள் என்பதுதான் அது. விளையாட்டு சமாசாரம் என்று எழுந்து போய்விடாதீர்கள். உள்ளே எஞ்சினியரிங் இருக்கிறது.

நம்ம ஊரில் விமான நிலையம் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரில் ஆகாயம் இருக்கிறது. ஐ.பி.எம். பி.சி.க்கு 1982-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் கோடும் கட்டமுமாகத்தான் ஊர் தெரியும். 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பு செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகம் முழுவதையும் காட்டுகிறது. சென்னையில் செஸ்னா 172-ஐக் கிளப்பித் தென்மேற்கே திருப்பினால் நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர். முக்கால் மணியில் நம்ம மலைக்கு வந்துவிடலாம். மலை 2,669 அடி. 4,500 அடியில் வந்தால் உச்சிக்கு மேலே 1,800 அடி இடைவெளி இருக்கும்.

ஆனால் சிமுலேட்டர் மட்டும் போதாது. வரைபடத்துக்கு லிட்டில் நேவ்மேப் வேண்டும். 2001-ல் தொடங்கிய வாட்சிம் நெட்வொர்க்கில் உண்மையான மனிதர்கள் கன்ட்ரோலராக உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்களோடு பேச வி-பைலட் வேண்டும். ஜாய்ஸ்டிக் அமைப்புக்கு எஃப்.எஸ்.யு.ஐ.பி.சி. வேண்டும். ஒவ்வொன்றையும் தினமும் கையால் திறந்தால், ஒரு நாள் ஒன்று விட்டுப்போகும். பாதி வழியில்தான் அது தெரியும்.

மறதி என்பது திறமைக் குறைவு இல்லை. 1935 அக்டோபர் 30-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் போயிங் மாடல் 299 என்ற புது விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது. தேர்ந்த விமானிகள்தான் ஓட்டினார்கள். காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டு பேர் உயிர் போயிற்று. அதற்குப் பிறகுதான் விமானிகளுக்கு எழுதி வைத்த செக்லிஸ்ட் வழக்கத்துக்கு வந்தது. மறக்கக்கூடியதை மனசில் வைக்காதே, எழுதி வை என்பதுதான் பாடம்.

சிமுலேட்டரில் அந்த எழுத்து வேலைக்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி பேட்ச் ஃபைல். நோட்பேடில் வரிக்கு ஒன்றாக 'ஸ்டார்ட்' கட்டளைகளை எழுதிச் சேமித்து, அதைச் சொடுக்கினால் போதும். ரொம்ப எளிசு. ஆனால் சிமுலேட்டர் தயாரா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது, 2006-ல் வந்த எஃப்.எஸ்.எக்ஸ். பதிப்பிலேயே இருந்த எக்ஸ்இ.எக்ஸ்எம்எல் என்ற ஃபைல். சிமுலேட்டர் தொடங்கும்போது அதைத் தானே படிக்கும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் பெயர், இருக்கும் இடம், 'இப்போதைக்கு வேண்டாம்' என்று நிறுத்தி வைக்க ஒரு வரி, அவ்வளவுதான். ஸ்டீமில் வாங்கியவர்களுக்கு ஒரு ஃபோல்டர், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கியவர்களுக்கு வேறு ஃபோல்டர். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் பட்டியலில் உள்ள எதுவுமே கிளம்பாது. நீங்கள் வாங்கும் துணை புரோகிராம்களின் இன்ஸ்டாலரும் இதே ஃபைலில்தான் கை வைக்கும். அதனால் தொடும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது வழி, எஃப்.எஸ்.யு.ஐ.பி.சி.யிடமே பொறுப்பை விடுவது. சிமுலேட்டர் தயாரான பிறகு கிளப்பு, ஏற்கனவே ஓடினால் மறுபடி கிளப்பாதே, முடிந்ததும் மூடிவிடு என்று அதில் எழுதி வைக்கலாம்.

இந்த 'தயாரான பிறகு' என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை அன்று சாயந்திரம் மலையில் தீபம் தெரிந்த பிறகுதானே நம் வீட்டு வாசலில் விளக்கு ஏற்றுகிறோம்? யாரும் வீடு வீடாக வந்து சொல்வதில்லை. அத்தனை கண்ணும் உச்சியைப் பார்த்திருக்கும். துணை புரோகிராமும் அப்படித்தான். அவசரப்பட்டு முன்னால் ஓடினால் சிமுலேட்டர் பதில் சொல்லாது. அது மூச்சடைத்து நிற்கும். காத்திருந்து, திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் வந்ததும் வேலையைத் தொடங்குவதே நல்ல புரோகிராம்.

நான் பார்க்கும் வேலையிலும் இதுதான் பாடம். பாய்லரில் புகையை இழுக்கும் ஃபேன் ஓடாமல் காற்றைத் தள்ளும் ஃபேனை ஓட விடமாட்டோம். உலையைக் காற்றால் சுத்தம் செய்யாமல் தீ மூட்ட விடமாட்டோம். அந்த வரிசையை மெஷினே காக்கும்படி இன்டர்லாக் வைத்திருக்கிறோம். இங்கே தவறினால் போவது விளையாட்டு இல்லை, ஆள்.

தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. பைலட் ஆகும் ஆசையில் இதை ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு சிமுலேட்டரில் உட்கார்ந்த ஒரு மணி நேரம்கூட அந்தக் கணக்கில் சேராது. அப்பா நிலத்தை அடமானம் வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் செலவே இல்லாத இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. சிமுலேட்டரோடு பேசுவதற்கான சிம்கனெக்ட் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. உயரத்தையும் வேகத்தையும் வாங்கித் திரையில் காட்டும் ஒரு சின்னத் துணை புரோகிராமை, சி-ஷார்ப் தெரிந்த மூன்றாம் ஆண்டு மாணவர் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். சிமுலேட்டர் மூடும்போது 'முடிகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பும். அதைக் கேட்டு உங்கள் புரோகிராமும் ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி எழுதுங்கள். கிளப்பத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நிறுத்தவும் தெரிந்தவரைத்தான் நாங்கள் வேலைக்குத் தேடுகிறோம்.

அடுத்த சந்திப்பில் உங்களில் ஒருவர் இந்த மேடையில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க நான் வருவேன்.