தலாக்கும் பி.எஃப். பணமும்: ஜமாஅத் மேசையில் நாம் கேட்க மறந்த கேள்வி

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சில மாதங்களுக்கு முன் 52 வயதுள்ள ஒரு தாயார் ஜகாத் உதவி கேட்டு எங்களிடம் வந்தார். அவருடைய கணவர் ஒரு தோல் தொழிற்சாலையில் 24 வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு தலாக் ஆகிவிட்டது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நிலுவையில் இருந்த மஹர், இத்தா காலத்துக்கு மூன்று மாதச் செலவு, அத்துடன் முடித்தார்கள். கணவரின் பி.எஃப். பற்றியோ கிராஜுவிட்டி பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மேசையில் எங்கள் அறக்கட்டளை சார்பிலும் ஆள் இருந்தார்கள். நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேச வேண்டியிருக்கிறது.

“அது அவர் சம்பளத்தில் பிடித்த பணம்தானே, அதில் எனக்கு என்ன இருக்கு?” என்று அந்தத் தாயாரே கேட்டார். நம் வீடுகளில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராஜுவிட்டி என்பது வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் வாங்குகிற ஒருவருக்கு வருடத்துக்கு 15,000 ரூபாய். 24 வருடத்துக்கு 3,60,000 ரூபாய். பி.எஃப். இதற்கு மேல். மாதாமாதம் அவர் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தபோது, மிச்சச் சம்பளத்தில் அடுப்பை எரிய வைத்தவர் யார்? பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மாமியாருக்கு மருந்து கொடுத்தது, காது கம்மலை அடகு வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டியது யார்?

தலாக் ஆனதும் அந்தப் பெண் இழப்பது இன்னும் உண்டு. கணவர் மௌத்தானால் விதவைக்கு வரும் பி.எஃப். பென்ஷன் தலாக் ஆனவருக்கு வராது. மனைவியாக இருந்திருந்தால், பிள்ளைகள் உள்ள நிலையில் அவர் சொத்தில் எட்டில் ஒரு பங்கு மீராஸ் கிடைத்திருக்கும். அதுவும் போய்விடுகிறது. முதுமைக்கு வைத்திருந்த இரண்டு கதவுகளும் ஒரே நாளில் அடைபடுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். விவாகரத்து ஆனால் பி.எஃப். பணத்தில் பாதி மனைவிக்கு என்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. நம்மில் பலருடைய சொந்தங்கள் இருக்கிற சிங்கப்பூரில், முஸ்லிம்களின் விவாகரத்தை விசாரிக்கும் ஷரீஅத் நீதிமன்றமே சொத்துப் பிரிவினையையும் முடிவு செய்கிறது. அங்கே சி.பி.எஃப். சேமிப்பும் கணக்கில் வரும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை.

ஆனால் வேறொரு உரிமை இருக்கிறது. 1986-ஆம் வருட முஸ்லிம் பெண்கள் சட்டப்படி, தலாக் ஆன பெண்ணுக்கு நியாயமான, போதுமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் கணவர் செய்து கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு மூன்று மாதச் சோற்றுக்கு மட்டும் அல்ல, அவருடைய எதிர்காலத்துக்கும் சேர்த்துத்தான் என்று 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தொகையை முடிவு செய்ய மூன்று விஷயம் பார்ப்பார்கள்: பெண்ணின் தேவை, திருமண வாழ்வில் அவர் வாழ்ந்த தரம், கணவரின் வசதி. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்த ‘வசதி’யில் அடங்கும். நாங்கள் கேட்க மறந்தது இதைத்தான். பொது ஜீவனாம்சச் சட்டத்தின் கீழும் முஸ்லிம் பெண் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்திருக்கிறது.

இது மார்க்கத்துக்குப் புறம்பானது என்று யாரும் எண்ண வேண்டாம். தலாக் விடப்பட்ட பெண்களுக்கு முறைப்படி வசதி செய்து கொடுப்பது இறையச்சம் உள்ளவர்கள் மீது கடமை என்பது சூரா அல்பகராவின் 241-ஆவது வசனம் தரும் கருத்து. ஒரு குவியல் பொன்னையே மனைவிக்குக் கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்பது சூரா அன்னிஸாவின் போதனை. பிரியும்போதும் கண்ணியம் காக்கச் சொன்ன மார்க்கம் இது.

ஆகவே நம் ஜமாஅத்துகளுக்கும் குடும்பத்தாருக்கும் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, சமரசம் பேச உட்காரும்போது கணவர் தம் பி.எஃப். பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டையும் கொண்டு வரட்டும். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு கொடுப்பது என்று பேச முடியாது.

இரண்டாவது, ‘பி.எஃப். வந்ததும் பாதி தருகிறேன்’ என்ற வாய்ச்சொல்லோடு எழுந்துவிடாதீர்கள். பி.எஃப். கணக்கில் இருக்கும் வரை அந்தப் பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்யவோ மற்றவருக்கு எழுதி வைக்கவோ சட்டம் விடாது. அதனால் இத்தனை ரூபாய், இந்தத் தேதிக்குள் என்று தொகையாகவே எழுதி, சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது, தாய்மார்களே, குலாவோ தலாக்கோ, ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசமாகக் கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நான்காவது, வேலைக்குப் போகும் நம் பெண்மக்களின் பி.எஃப். அவர்களுடைய உழைப்பு. பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பது நம் மார்க்கம். குலா கேட்கிற பெண்ணிடம், விலையாக அதையும் எழுதி வாங்குகிற வழக்கம் நம் மத்தியில் வர வேண்டாம்.

அந்தத் தாயாரின் கணவரிடம் நாங்கள் மறுபடி பேசப் போனோம். அதற்குள் வந்த பணத்தில் பெரும்பகுதியை மகன் வீட்டு மாடி கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார். இப்போது சட்ட உதவி வக்கீல் மூலம் மனு போட்டிருக்கிறோம். விசாரணை நடக்கிறது. முடியும் வரை ஜகாத் நிதியிலிருந்து மாதாமாதம் அவருக்கு உதவி போகிறது. கொடுப்பது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஹக்கு உள்ள ஒரு பெண்ணை ஜகாத் வாங்கும் இடத்துக்குக் கொண்டு வந்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அந்த மேசையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அடுத்த முறை உங்கள் மஹல்லாவில் அப்படி ஒரு மேசை போட்டால், அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களைச் சேர்த்து வைப்பானாக. பிரிய நேர்ந்தவர்களுக்கு நீதியையும் மனநிறைவையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.