குப்பிக்கும் லாட் நம்பர் உண்டு



ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஆலை வேலைக்குப் போகிறவர்களிடம் பேசினால் சில தொல்லைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஷிப்ட் முழுக்க சேஃப்டி ஷூவுக்குள் வேகிற கால், விரலிடுக்கில் அரிப்பு, தலையில் பொடுகு, முகத்தில் பரு. வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது; பெரும்பாலும் இளம் பெண்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூரியரில் வரும் பொருள்களில் ஒன்று, டீ ட்ரீ ஆயில். எதை நம்பி வாங்குவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பெயரைக் கேட்டு குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த மரம். நம்ம ஊர் நாவல், கொய்யா, நீலகிரித் தைல மரம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். இலையை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். 1920-களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்டு என்ற வேதியியலாளர் இதன் கிருமிக்கொல்லித் திறனை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

வேலை செய்யுமா? ஓரளவு செய்யும். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த சோதனையில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல் பருவைக் குறைத்தது. வழக்கமான பென்சாயில் பெராக்சைடு மருந்தைவிட மெதுவாகத்தான். ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. பொடுகுக்கும் கால் பூஞ்சைக்கும்கூடப் பலன் தெரிந்திருக்கிறது. அற்புத மருந்து என்று சொல்ல இவ்வளவு போதாது. அதுவும் இந்தப் பலனெல்லாம் நல்ல எண்ணெயில் கிடைத்தது.

நல்ல எண்ணெய் என்பதற்கு சர்வதேசத் தர அளவு ஒன்று இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 4730. கிருமியைக் கொல்லும் முக்கியப் பொருள் டெர்பினென்-4-ஆல். 2017-இல் திருத்திய அளவுப்படி அது குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சினியோல்தான் நீலகிரித் தைலத்தின் வாசனைக்குக் காரணம். டீ ட்ரீ என்று வாங்கிய குப்பியைத் திறந்ததும் ஊட்டிக் கடைத்தெருவே மூக்கில் ஏறினால் சந்தேகப்படுங்கள்.

ஏன் கலப்படம் செய்கிறார்கள் என்றால், கணக்கு அப்படி. நூறு கிலோ இலையும் கொழுந்துக் கிளையும் வடித்தால் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிலோ எண்ணெய். பைன், கற்பூரம், தைல மரம் இவற்றிலிருந்து வரும் மலிவான சரக்கைச் சேர்த்தால் லாபம். அதனால் அடிமாட்டு விலைக்கு வருவதை எடுக்காதீர்கள். அதற்காக விலை கூடினால் தரம் என்றும் நினைக்க வேண்டாம். ‘தெரபியூட்டிக் கிரேடு’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அப்படி ஒரு தரச்சான்றை எந்த அரசும் தருவதில்லை. வெறும் விளம்பரம்.

லேபிளில் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்க வேண்டும். தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், காலாவதி, லாட் நம்பர், இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டிலிருந்து என்பது, எல்லாம் இருக்க வேண்டும். உங்களில் பலருக்கு இது புதிதல்ல. இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் லாட் நம்பர் இல்லாத போல்ட்டை லைனுக்குள் விடுவீர்களா? அதே கண்டிப்பை முகத்தில் பூசும் எண்ணெயிடமும் காட்டலாமே. அந்த லாட்டுக்கான கேஸ் குரோமட்டோகிராஃபி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். நல்ல கம்பெனிகள் தருகின்றன. அதில் டெர்பினென்-4-ஆல், சினியோல் இரண்டின் சதவீதத்தைப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். வடை வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெயோ வேறெதுவோ கலந்திருக்கிறது. ஆனால் பைன் சரக்கு கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது, அதுவும் ஆவியாகிவிடும்.

குப்பி கருநிறக் கண்ணாடியாக, சிறியதாக இருக்கட்டும். 10 மில்லி தாராளம். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெய் கெட்டு, தோலில் அலர்ஜி உண்டாக்கும் பொருள்கள் கூடும். தகரக் கூரைக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இரண்டு வருஷம் கிடந்த குப்பியைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கி எறியுங்கள்.

நேரடியாகப் பூச வேண்டாம். 20 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 1 மில்லி, அதாவது சுமார் 20 சொட்டு. அதுவே ஏறக்குறைய 5 சதவீதம். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுங்கள். கண்ணுக்கு அருகே வேண்டாம், வெடித்த புண்ணிலும் வேண்டாம். வாய்க்குள் போனால் இது விஷம். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால் புண்ணுக்கும், பரவிக்கொண்டே போகும் படர்தாமரைக்கும் எந்தக் குப்பியையும் நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

மற்றவர்கள் அடுத்த முறை வாங்கும்போது, காசு கொடுக்கும் முன் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.