காத்திருந்து பழகிய கை



கிளிநொச்சிக்குக் கிட்ட எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறா. மூத்த மகன் கனடாவில்; இளையவன் உயர்தரம் படிக்கிறான். இரவு பதினொரு மணிக்கும் ரிக்ரொக்கில் இருக்கிற இளையவனை, "உந்தப் போனை வைச்சிட்டுப் படு தம்பி" என்று ஏசுவா. ஏசிவிட்டுத் தன் போனை எடுத்து, மூத்தவன் வட்ஸ்அப்புக்குக் கடைசியாக எத்தனை மணிக்கு வந்து போனான் என்று பார்ப்பா. விடிவதற்குள் நாலைந்து தரம் பார்ப்பா.

இரண்டு பேரையும் பிடித்து வைத்திருப்பது ஒன்றேதான். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டது. எப்போது விழும் என்று தெரியாமலே கொத்திப் பழகிய புறா இலேசில் விடவில்லை. எங்கள் விரலும் அப்படித்தான் திரையைத் தள்ளுகிறது. பத்துத் தரம் ஒன்றுமிராது. பதினோராம் தரம் ஒரு தெரிந்த முகம் வரும். தெரியாமைதான் கையை இழுக்கிறது.

அந்தத் தெரியாமை வன்னிக்குப் புதிதல்ல. முகநூலில் விருப்பப் பொத்தான் வந்தது 2009 பெப்ரவரியில். அந்த மாதம் எங்கள் சனம் இறுதிப் போருக்குள் அகப்பட்டு, தேவிபுரத்திலும் மாத்தளனிலும் பங்கருக்குள் இருந்தது. பிறகு செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பியைப் பிடித்தபடி, வந்தவர் போனவரிடமெல்லாம் உறவுகளின் பெயர் சொல்லி விசாரித்தது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். சேதி வருமா என்று பார்த்துப் பார்த்தே பழகிய மனங்கள் இவை. இந்தச் சனத்தைப் பார்த்து யாராவது "போனுக்கு அடிமை" என்று சொன்னால் எனக்கு நோகும்.

போன் பார்க்கிற எல்லோரும் நோயாளிகள் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கணினி விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. சமூக ஊடகத்துக்கெனத் தனியாக ஒரு நோய்ப்பெயர் இல்லை. ஆனால் நித்திரையும் படிப்பும் குழம்பி, கையை நிறுத்த முடியவில்லை என்றால் ஆரிடமாவது கதையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.

அந்த அம்மாவும் மூத்தவனும் இப்போது ஒரு நேரம் பேசி வைத்திருக்கினம்: ஞாயிறு பின்னேரம் ஏழு மணி. அவன் தவறாமல் எடுக்கிறான். மற்ற இரவுகளில் அவவின் போன் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இளையவனிடம் இப்போது ஏசுவதில்லை. பக்கத்தில் இருந்து, அதில் என்ன பார்க்கிறாய் என்று கேட்கிறா.