சட்டமன்றம் ஏன் செல்போனுக்குள் வரவில்லை?

(அவிநாசியில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அதுலயும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எனக்குக் கொடுத்திருக்கீங்க, நன்றி. உள்ளே வரும்போது ஒரு அக்கா கேட்டாங்க, "பேச்சு எதைப் பத்திங்க தம்பி?" கொரோனா காலத்துல சட்டமன்றம் எப்படி நடந்துச்சுன்னு பேசப் போறேன்னு சொன்னேன். "அது ஜூம்ல நடந்திருக்குமுங்க"ன்னுட்டாங்க.

அவங்க அப்படி நினைச்சதுல தப்பில்லை. 2020-ல் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்தது. டாக்டர் ஆலோசனை வந்தது. கல்யாணத்தைக்கூட லிங்க் அனுப்பிப் பார்த்தோம். நான் அப்போ இதழியல் படிச்சுட்டிருந்தேன். சிக்னல் கிடைக்கும்னு மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல போனைச் சாய்ச்சு வெச்சு வகுப்பு கேட்டவன். ஆனா தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு நாள்கூட ஆன்லைனில் கூடவில்லை. அது வேற ஒண்ணு செஞ்சது. வீடு மாறிச்சு.

2020 மார்ச்சில் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் வரை நடக்க வேண்டியது, மார்ச் 24 அன்றே முடித்துக்கொள்ளப்பட்டது. அன்று மாலை தமிழ்நாடு முழுக்க 144 தடையுத்தரவு. நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. இங்கே கம்பெனி கேட்டெல்லாம் மூடினது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் கொஞ்ச நாளில் இதே திருப்பூர் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்க ஆரம்பிச்சது. தையல் மெஷினைச் சிலர் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். கட்டிங் டேபிளை யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. சட்டமன்றத்திலும் அப்படி நகர்த்த முடியாத ஒரு டேபிள் இருக்கு. அது அரசியலமைப்புச் சட்டம்.

அதில் 174-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒரு கூட்டத்தொடரின் கடைசி நாளுக்கும் அடுத்த தொடரின் முதல் நாளுக்கும் நடுவே ஆறு மாதம் இடைவெளி விழக் கூடாது. நோய்த்தொற்று, வெள்ளம் எதுவா இருந்தாலும் அதில் விலக்கு இல்லை. மார்ச் 24-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 24-க்குள் கூடியே ஆகணும். ஏன் இவ்வளவு கறார்? சட்டமன்றம் கூடாமலே அரசு நடத்திவிடலாம் என்ற நிலைமை வரக் கூடாதுன்னுதான்.

அடுத்தது 189-வது பிரிவு. சபையில் முடிவு எடுக்கணும்னா "வந்திருந்து வாக்களிப்பவர்களின்" பெரும்பான்மை வேணும். மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்காவது இருக்கணும். நம்ம 234 பேர் சபைக்கு அது 24. "வந்திருந்து" என்ற அந்த ஒரு சொல்தான் சிக்கல். செல்போன் திரையில் முகம் தெரிஞ்சா அது வந்திருப்பதா? இதை எழுதினவங்க ஜூமை நினைச்சிருக்க மாட்டாங்க. அந்தச் சொல்லை இழுத்துப் பொருள் கொள்ள இங்கே யாரும் துணியவில்லை. பின்னாடி எவனாவது கோர்ட்டுக்குப் போய், "அந்தச் சட்டம் நிறைவேறின விதமே செல்லாது"ன்னு சொல்லிட்டா?

இன்னொண்ணும் இருக்குங்க. உறுப்பினர் சபையில் உட்கார்ந்திருந்தா எல்லார் கண்ணுக்கும் தெரியும். வீட்டில் இருந்து கை தூக்கினா, கேமராவுக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?

இங்கிலாந்தில் வேற மாதிரி செய்தாங்க. 2020 ஏப்ரல் 22 அன்று அவங்க மக்களவையில் 50 பேர் உள்ளே, 120 பேர் வரை ஜூம் வழியா திரையில், என்று கலந்து நடத்தினாங்க. மே 12-ல் முதல் தடவையா வீட்டிலிருந்தே ஓட்டும் போட்டாங்க. அங்கே நம்மைப் போல ஒரே புத்தகமா எழுதின அரசியலமைப்பு கிடையாது. சபையே தீர்மானம் போட்டு நடைமுறையை மாத்திக்கலாம். ஆனா ஜூன் தொடக்கத்திலேயே அந்த ஓட்டை நிறுத்திட்டு, எம்.பி.க்களை இடைவெளி விட்டு வரிசையில் நிக்க வெச்சாங்க. கட்டடத்துக்குள்ளே சுத்திச் சுத்திப் போன அந்த வரிசையைப் பார்த்தா, நம்ம ரேஷன் கடை எவ்வளவோ தேவலாம்னு தோணும்.

பக்கத்துப் புதுச்சேரி கதை இன்னும் சுவாரசியம். 2020 ஜூலையில் பட்ஜெட் கூட்டம் நடக்கும்போதே ஒரு உறுப்பினருக்குத் தொற்று உறுதியாச்சு. மண்டபத்தைப் பூட்டியாச்சு. பட்ஜெட்டை நிறைவேத்தியே ஆகணும். என்ன செஞ்சாங்க? ஜூலை 25 அன்று சட்டமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு சபையை நடத்தினாங்க.

தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 14, 15, 16, மூன்று நாள் மட்டும் கூட்டம். கோட்டை மண்டபத்தில் இடைவெளி விட்டு எல்லோரையும் உட்கார வைக்க முடியாது. அதனால் வாலாஜா சாலை கலைவாணர் அரங்கத்தின் மூன்றாவது தளம். 174-வது பிரிவிலேயே, ஆளுநர் தாம் தக்கதென நினைக்கும் இடத்தில் கூட்டலாம்னு இருக்கு. அதனால இடம் மாத்துவதில் சட்டச் சிக்கல் இல்லை. உறுப்பினர், அதிகாரி, பத்திரிகையாளர் எல்லோருக்கும் கொரோனா பரிசோதனை கட்டாயம். அந்த ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாக, பேரவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ப. தனபால். 2016-ல் நீங்க அவிநாசியிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பின உறுப்பினர்தான். சட்டமன்றம் எங்கேயோ சென்னையில நடக்கிற விஷயம்னு இந்த ஊர்க்காரங்க சொல்ல முடியாதுங்க.

அந்த வளாகம் சபைக்குப் புதுசும் இல்லை. 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் அங்கேதான் கூடியது. 1959 ஏப்ரலில் ஊட்டி அரண்மனைக்குக்கூட ஒரு தடவை போய்ட்டு வந்திருக்கு.

இவ்வளவு பயம் தேவையான்னு சிலருக்குத் தோணலாம். அந்த ஜூன் 10-ஆம் தேதி சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி உறுப்பினர் ஜெ. அன்பழகன் கொரோனாவில் இறந்தார். அன்று அவருக்கு 62-வது பிறந்த நாள். செப்டம்பர் 14-ஆம் தேதி சபை கூடினதும் முதல் வேலையே இரங்கல் தீர்மானம்தான்.

மறுநாள், செப்டம்பர் 15. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிச்சு நீட் தேர்ச்சி பெற்றவங்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு தரும் மசோதா நிறைவேறியது. அக்டோபர் 30-ல் ஆளுநர் ஒப்புதல். அந்த ஆண்டு மருத்துவக் கலந்தாய்விலேயே அது நடைமுறைக்கு வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்தச் செப்டம்பரில் சபை கூடாமலே போயிருந்தா? கூடின விதமே தப்புன்னு ஒரு வழக்கு வந்து சட்டம் நின்னு போயிருந்தா? செக்கிங் டேபிளில் நிக்கிற ஒரு அம்மாவோட பொண்ணுக்குக் கிடைக்க வேண்டிய சீட்டு அந்த வருஷம் போயிருக்கும். ஒரு வருஷம்னு சாதாரணமா சொல்றோம். அந்தப் பொண்ணுக்கு அது சாதாரணமில்லை.

அதனால் நேரில் கூடினது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா மூன்று நாள் போதுமா? போதாது. டெல்லியில் அதே செப்டம்பர் 14-ல் கூடின நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க. எழுத்தில் பதில் தரும் கேள்விகள் மட்டும்தான். குழுக் கூட்டங்களையாவது காணொலியில் நடத்தலாமேன்னு சில தலைவர்கள் கேட்டாங்க. ரகசியம் காக்க முடியாதுன்னு அனுமதி வரலை. அங்கே எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ஓட்டெடுப்புக்கு நேரில் வரணும், சரி. அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிற வேலைக்குக் காணொலி போதும். சட்டத்தைத் திருத்தி அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கலாம். இது என் சொந்தக் கருத்துங்க, துறையோட கருத்தில்லை.

கிராம சபைக்கு அந்த வழியும் இல்லாமப் போச்சு. 234 பேருக்குப் பெரிய மண்டபம் தேடலாம். ஊரே கூடும் சபைக்கு எங்கே தேடுறது? 2020 அக்டோபர் 2 கிராம சபை கூட்டங்கள் ரத்து. இங்கே சுத்துப்பட்டு ஊராட்சிகளில் இருந்து வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2021 தேர்தல் முடிஞ்சு, இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த மே 11 அன்று புது உறுப்பினர்கள் பதவி ஏத்துக்கிட்டதும் கலைவாணர் அரங்கத்தில்தான். ஆகஸ்ட் 13-ல் அங்கேதான் முதல் காகிதமில்லா பட்ஜெட்; உறுப்பினர் மேஜையில் கணினி, கையில் டேப்லெட். 2022 ஜனவரி 6-லிருந்து கேள்வி நேரம் நேரலை. மார்ச்சில் பட்ஜெட்டுக்குச் சபை கோட்டைக்கே திரும்பிருச்சு. உறுப்பினர்கள் செல்போனுக்குள் வரவில்லை, ஆனா அவங்க கேட்கும் கேள்வி வந்திருச்சு. டீ நேரத்தில் பத்து நிமிஷம் பாருங்க. உங்க தொகுதிக்காரர் எழுந்திருச்சாரா, என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார்னு தெரியும்.

கடைசியா ஒரு வசதி. பலருக்குத் தெரியாதது. சட்டமன்றத்தில் மனுக்கள் குழுன்னு ஒண்ணு இருக்கு. அது மாவட்டம் மாவட்டமா நேரில் வரும். பாலம், சாக்கடை, பேருந்து மாதிரி நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினைக்கு யார் வேணா மனு கொடுக்கலாம். ஒரு மனுவில் ஒரே ஒரு பிரச்சினை. கோர்ட்டில் இருக்கும் விஷயம், வேலை கேட்டு, பட்டா கேட்டு, கடன் கேட்டு எழுதினா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம மாவட்டத்துக்கு வரும்போது செய்தித்தாளில் அறிவிப்பு வரும். கடைசித் தேதியைப் பார்த்து வெச்சுக்குங்க.

அவ்வளவுதாங்க. கேள்வி இருந்தா கேளுங்க. ஜூம்னு சொன்ன அக்கா எங்கே இருக்கீங்க? நீங்களே ஆரம்பிங்க.