வானமும் நிலமும் ஒரே ஏட்டில்

சாக்சனியின் லைஸ்னிக் ஊரில் 1495இல் பிறந்த பேத்ருஸ் அப்பியானுஸ் என்னும் கணித அறிஞர் 1524இல் லாண்ட்ஸ்ஹூட் நகரில் வெளியிட்ட ‘காஸ்மோகிராபிகுஸ் லிபெர்’ என்னும் இலத்தீன் நூலே இம்மாநாட்டின் ஆய்வுப்பொருள். புவியியலையும் வானியலையும் ஒருங்கே கற்பித்த அந்நூலில், தாளில் வெட்டிய வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும்படி பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருப்பதால், படிப்பவர் அவற்றைத் திருப்பி வானியல் கணக்குகளைத் தாமே போட்டுப் பார்க்கலாம். உலோகக் கருவி வாங்க இயலாத மாணவருக்கும் அளவைக் கலையை எட்டச் செய்த ஏட்டை, அழகிய பழம்பொருளாக மட்டும் பேழைக்குள் வைத்துப் போற்றுவது அதற்கு நீதியாகாது.

பாலக்காட்டைக் கடந்து கடலை நோக்கி ஓடும் நிளை என்ற பாரதப்புழையின் கடைக்கரைப் பகுதியில், அதற்கு முன்பே, வானியலாளர் பரமேசுவரர் கிரகணங்களைப் பல்லாண்டு உற்றுநோக்கி, கணக்கைக் கண்கூடான காட்சியோடு பொருத்தும் திருக்கணித முறையை 1431இல் வகுத்திருந்தார். அவர் வழிவந்த மரபில் நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டித் ‘தந்திரசங்கிரக’த்தை இயற்றினார், ஜேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி ‘யுக்திபாஷை’யை மலையாளத்திலேயே எழுதி, ஒவ்வொரு விதிக்கும் காரணம் காட்டினார். அப்பியானுஸ் படத்தாலும் ஜேஷ்டதேவர் தருக்கத்தாலும் கற்பவரை விதிக்குள் அழைத்துச் சென்றனராதலின், இவ்விருவரையும் அருகருகே வைத்துப் படிப்பதே இம்மண்ணில் கூடும் அவைக்குத் தகும்.

அப்பியானுஸின் நூலுக்கு 1533இல் ஆண்ட்வெர்ப்பில் ஜெம்மா ஃபிரிசியுஸ் சேர்த்த சிறுபகுதி, முக்கோண அளவையை விளக்குகிறது: இரண்டு இடங்களுக்கு இடையிலான தொலைவை அளந்துகொண்டு, அவ்விரண்டிலிருந்தும் மூன்றாம் இடத்தை நோக்கும் கோணங்களைக் குறித்தால், அங்கே நடந்து செல்லாமலேயே அதன் இருப்பிடத்தைக் கணித்துவிடலாம். சங்கிலி பிடித்து ஏற முடியாத மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை. பிரித்தானிய நிலஅளவையாளர் லாம்ப்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய பெரும் நிலஅளவையும் இதன் வழிவந்ததே. 1816 முதல் 1820 வரை பிரித்தானிய அளவையாளர்களான வார்டும் கானரும் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தபோது, இன்றைய இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும், இன்றைய பாலக்காட்டுச் சித்தூர் கொச்சியிலும் இருந்தன.

தொலெமியைப் பின்பற்றி அப்பியானுஸ், உலகம் முழுவதையும் வரைவதை ஒருவரின் முழுத் தலையை வரைவதற்கும், தனியொரு வட்டாரத்தை வரைவதை அவரது கண்ணையோ காதையோ நுணுக்கமாக வரைவதற்கும் ஒப்பிட்டுப் படமும் தந்தார். கேரள–தமிழக எல்லைப்பகுதிக்கு இன்றும் தேவைப்படுவது அந்த இரண்டாம் கலையே. கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் வட்டவடையிலும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் ஊர்ப்பெயர்களோடு, முதுவர், மன்னான், காடர், மலசர் ஆகிய மக்கள் ஓடைக்கும் குன்றுக்கும் வைத்திருக்கும் பெயர்களையும் அகலாங்கு நெட்டாங்குகளுடன் பதிவுசெய்யும் திட்டத்தை, அந்தந்த ஊராரையே உடன் ஆய்வாளராகக் கொண்டு வகுப்பது, பிற்பகல் அமர்வின் முதற்பணியாக இருக்க வேண்டும்.