பகலில் உறங்க மறுக்கும் குழந்தை



விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நானூறு ஐந்நூறு பால்மரங்களைச் சீவி, பாலெடுத்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு வேண்டியது ஒரு மணி நேர ஓய்வே. அந்நேரம் பார்த்து இரண்டு வயதுக் குழந்தை உறங்க மறுக்கின்றது. பாயில் கிடத்தினால் எழுந்து ஓடுகின்றது. ஏணையில் இட்டால் காலை உதைத்துக் கதறுகின்றது. பூச்சாண்டி வருகிறான் என்று அச்சுறுத்துவதும், முதுகில் இரண்டு போடுவதும் இவ்வேளையில்தான் நடைபெறுகின்றன. இதனைக் குறித்தே இன்று நாம் பேச முன்வந்துள்ளோம்.

சில மாதங்களுக்கு முன் சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் நம் உறவினர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அரசி இரண்டாம் எலிசபெத் முடிசூடிய 1953-ஆம் ஆண்டில் பெயர் சூட்டப் பெற்ற அவ்விடம், அந்நாட்டின் முதல் துணை நகரமாகும். நம் மக்களுக்கு அது புதிய இடமன்று. 2011-ஆம் ஆண்டு சூன் மாதம் வரையில் ஜொகூரிலிருந்து தஞ்சோங் பகார் சென்ற நம் இரயில் அவ்வட்டாரத்தின் தங்ளின் ஹால்ட் வழியாகவே ஓடியது. இரயில்வேத் தமிழர்கள் 1932-இல் தோற்றுவித்த முனீஸ்வரன் கோயில் இன்று அங்கே காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாய் நிற்கின்றது.

அவ்வீட்டில் இரண்டு வயதுப் பேரன் ஒருவன் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் நண்பகல் உணவுக்குப் பின் மற்றப் பிள்ளைகளுடன் சத்தமின்றி உறங்கிவிடுவான். சனி, ஞாயிறுகளில் வீட்டில் அதே நேரத்தில் படுக்க வைத்தால் போராட்டந்தான். "நான் செய்யாத எதை அங்கே செய்கிறார்கள், அக்கா?" என்று அவன் தாய் நம்மிடம் கேட்டார்.

நாம் கேட்ட கேள்வி ஒன்றே: காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான்? வேலை நாட்களில் ஆறரைக்கு எழுகிறான். விடுமுறையில் எட்டரை வரை உறங்க விடுகிறார்கள். ஆனால் படுக்க வைப்பதோ இரு நாளும் பன்னிரண்டரைக்கு! விழித்து நான்கு மணி நேரமே ஆன பிள்ளைக்கு உறக்கம் எங்கிருந்து வரும்? விழித்திருக்கும் நேரம் நீள நீளத்தான் உறக்கத்தின் தேவை உடலில் சேருகின்றது. பகலில் ஒரு முறை மட்டும் உறங்கும் வயதில், எழுந்து ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு மணி நேரம் கழித்தே அது கனிகின்றது. கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. எழுந்த நேரத்திலிருந்தே எண்ண வேண்டும்.

நம் தோட்டங்களிலோ நிலைமை நேர்மாறானது. 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி முன் தள்ளி வைத்த பின்னர், நம் நாட்டில் கதிரவன் உதிப்பது ஏழு மணியளவில்தான். ஆனால் வெயில் ஏறினால் பால் வடிவது குறையுமே! ஆகவே ஐந்து மணிக்கே வீட்டில் விளக்கு எரிகின்றது. குழந்தையும் அப்போதே விழித்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குச் சென்றுவிட்டால், அதன் உறக்க நேரம் பத்தரை, பதினொன்று. தாய் திரும்பும் ஒரு மணிக்கு அது உறங்கியெழுந்து ஆட்டம் போடும் பிள்ளை. கொட்டகையில் உறங்காமலே வந்ததாயின், களைப்பு எல்லை மீறி வெறி கொண்டதுபோல் ஓடியாடும் பிள்ளை. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பிள்ளையைத் தூக்கும்போதே ஆயாவிடம், எப்போது உறங்கியது, எவ்வளவு நேரம் என்று கேட்டறிய வேண்டும். இருட்டில் தோளில் உறங்கியபடியே சென்று கொட்டகையில் ஏழு மணி வரை உறங்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏழிலிருந்து தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு உறக்கம் இல்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரை இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. மூன்று வயதுக்கு மேல் பகலுறக்கத்தைத் தானாகவே விட்டுவிடும் பிள்ளைகள் பலர். மாலையில் சிணுங்காமல் விளையாடி, இரவில் படுத்ததும் உறங்கும் பிள்ளையை நண்பகலில் கட்டாயப்படுத்த வேண்டுவதில்லை. அந்நேரத்தில் பாயும் இரண்டு விளையாட்டுப் பொருள்களும் கொடுத்து அமைதியாக இருக்கச் செய்தால் போதும். தாயும் அருகிலேயே தலை சாய்க்கலாம். கைப்பேசியைக் கொடுத்து அடக்குவது மட்டும் வேண்டாம். அது உறக்கத்தை இன்னும் விரட்டும். மாலை நான்குக்கு மேல் உறங்க விட்டால் இரவு பத்தானாலும் கண் மூடாது என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

ஏணையைப் பற்றி ஒரு சொல். சுருள்கம்பியும் கொக்கியும் கைக்குழந்தையின் எடைக்கென அமைந்தவை. எழுந்து நிற்கவும் ஏறவும் தெரிந்த பிள்ளை அதிலிருந்து தலைகீழாக விழும். அதற்குப் பாயே நல்லது. நண்பகலில் துத்தநாகக் கூரை கொதிக்குமாதலால், வீட்டின் குளிர்ந்த மூலையில், காற்று வரும் இடத்தில் விரியுங்கள்.

இனி, நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது. உழைக்கும் தாய்க்குப் பிள்ளையை உறங்க வைக்கக் குறுக்கு வழி தேடும் நிலை புதிதன்று. 1920-களில் பம்பாய் நூலாலைகளுக்குச் சென்ற பெண்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால், பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டுச் சென்றனர். அப்பெண்களை நாம் குறை கூறோம். குழந்தைக்குக் கொட்டகை இல்லாத குறை அது. ஆனால் இன்று அபினின் இடத்தில் சளி மருந்துப் போத்தல் வந்திருக்கின்றது. "ஒரு கரண்டி கொடுத்தால் நன்றாகத் தூங்குது" என்று அண்டை வீட்டார் கூறக் கேட்டிருக்கிறோம். அத்தகைய மருந்துகள் சிலவற்றில் உள்ள புரோமெதசின் என்னும் பொருள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே நிறுத்தக் கூடியது. அவ்வயதில் அதனைக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2004-இல் கடும் எச்சரிக்கை விதித்தது. சளி இல்லாத பிள்ளைக்கு உறக்கத்திற்காகச் சளி மருந்தை எந்த வயதிலும் கொடுக்காதீர்கள். பால் போத்தலை வாயில் வைத்தபடி உறங்க விடுவதும் பல்லைச் சொத்தையாக்கும்.

உறக்கத்தில் தினந்தோறும் பெருங்குறட்டை விடும் பிள்ளை, இடையில் மூச்சு நின்று திணறும் பிள்ளை இவற்றை மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குவீன்ஸ்டவுன் பேரனை இப்போது சனி, ஞாயிறுகளிலும் ஏழு மணிக்கே எழுப்பிவிடுகிறார்களாம். நண்பகலில் பாதி நாட்கள் உறங்குகிறான், பாதி நாட்கள் பாயில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான் என்று அவன் தாய் தொலைபேசியில் கூறினார். அவரோ இரு நாட்களிலும் அரை மணி நேரம் உறங்கிவிடுகிறாராம்.