கேட்காததை நிரப்பும் மனம்



நம் ஒவ்வொரு கண்ணிலும், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. 1660களில் பிரான்சின் எட்மே மரியோட் இதைக் கண்டறிந்தார். ஆயினும் ஒரு கண்ணை மூடினாலும் நமக்கு அங்கே ஓட்டை தெரிவதில்லை. சுற்றிலுமுள்ள நிறத்தைக் கொண்டு மூளை அதை நிரப்பிவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் இதை ஆராய்ந்தவர்.

சீலோவில் குரு ஏலியும் அப்படித்தான் செய்தார். அன்னாவின் உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை. கேட்காததைக் குடிபோதை என்று நிரப்பிக்கொண்டார். அன்னாவோ மனம் கசந்து மன்றாடிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து சொன்ன பிறகே ஏலி ஆசி கூறி அனுப்பினார்.

ஞாயிறு திருப்பலிக்கு வராத குடும்பத்தைப் பற்றி, மாகறல் போன்ற சிற்றூரில் நாம் எத்தனை கதைகளை நிரப்புகிறோம்! இந்த வாரம் அவர்கள் வாசலுக்கே போய், என்னவென்று கேட்போம். ஆமென்.